டிசம்பரில் விளைந்தவள்

1971 டிசம்பர் பதினேழாம் தேதி காலை, மரக்காணம் உப்பளத்தின் கடைசிப் பாத்தியில் ஒரு பெண் விளைந்திருந்தாள். மழைத்தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும் மாதத்தில் உப்பே விளையாது என்பதால், அவள் யார் என்பதைவிட, பருவம் தப்பி விளைந்தது எப்படி என்றுதான் மேஸ்திரி சகாதேவன் முதலில் கவலைப்பட்டார். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையிலும் தோளிலும் உப்பு பூத்திருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத பாஷையில் அழுதுகொண்டிருந்தாள். கையிலிருந்த போட்டோவில் ராணுவ உடுப்பில் ஒரு பையன் சிரித்தான். தொப்பி நம் பட்டாளத்துத் தொப்பி இல்லை.

போரில் நாம் ஜெயித்துவிட்டதாக முந்தின நாள் ரேடியோ சொல்லியிருந்ததால் ஊரே லட்டு தின்றுகொண்டிருந்தது. தின்னாதவள் ஆனந்தம்மாள் ஒருத்தி. அதே உப்பளத்தில் உப்பு வாருகிற விதவை. அவளுடைய ஒரே பிள்ளை சவரிநாதன் எல்லையில் செத்துப்போனதாக ஆறு நாளைக்கு முன் தந்தி வந்திருந்தது, உடல் வரவில்லை. சத்தம் கேட்டு அவள் பாத்திக்குப் போனாள். பாஷை புரியவில்லை, போட்டோவைப் பார்த்ததும் பிள்ளையை இழந்தவளின் அழுகை புரிந்தது. கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்து, உப்புப் போகக் குளிப்பாட்டி, கஞ்சி ஊற்றினாள்.

மதியத்துக்குள் கட்சிகள் வந்துவிட்டன. எதிரி நாட்டுக்காரியைத் துரத்த வேண்டும் என்று ஆளுங்கட்சி ஆதிமூலம் கொடி நட்டார். அதனாலேயே எதிர்க்கட்சித் தட்சணாமூர்த்தி, அபலைக்கு அடைக்கலம் தருவதே தமிழ்ப் பண்பாடு என்று மேடை போட்டார். மேடைக்குக் கூட்டம் சேர்வதைப் பார்த்த ஆதிமூலம் மறுநாள் அடைக்கலத்துக்கு மாறினார். வேறு வழியில்லாமல் தட்சணாமூர்த்தி துரத்தலுக்கு மாறினார். கைதட்டியவர்களும் கொடியோடு சேர்ந்து மாறிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் இப்படி நான்கு தடவை நடந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், யாரோ செய்த குளறுபடியில் இருவரும் ஒரே நேரத்தில் துரத்தும் பக்கம் நின்றுவிட்டதால், கூட்டம் நிஜமாகவே கல்லோடு வந்தது.

ஆனந்தம்மாள் வாசலை மறித்து நின்றாள்.

"உன் புள்ளைய சுட்டது இவ புள்ளையா இருந்தா இன்னா பண்ணுவே?" என்றார் ஆதிமூலம்.

"இருக்கலாங்க. இவ புள்ளைய எம்புள்ள சுட்டிருந்தா? எம்புள்ள ஆத்துமாவுக்காக அதத்தான் நெனச்சு தெனமும் ஜெபமாலையில அழுவுறேன்."

நம் ஆட்கள் சுட்டாலும் யாரோ ஒரு தாயின் பிள்ளைதான் சாவான் என்பது கூட்டத்தில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை. சிலர் கல்லை மடியில் ஒளித்துக்கொண்டார்கள். தங்கள் கட்சி என்ன சொல்கிறது என்று திரும்பிப் பார்த்தவர்கள், தலைவர்கள் இருவரும் வெளியூர் அவசரமாகக் கிளம்பிவிட்டதைக் கண்டார்கள்.

அன்று சாயங்காலம் ஆனந்தம்மாள் மாதா கோயில் பங்குச்சாமி இன்னாசிராஜிடம் போய் இரண்டு ஆத்துமாக்களுக்குப் பூசை கேட்டாள். சாமியார் தயங்கினார். வெற்றிக்கு நன்றிப் பூசை கேட்டுப் பெரிய மனிதர்கள் வந்து போயிருந்தார்கள்.

"அந்தப் பையன் நம்ம வேதம் இல்லியேம்மா. பேரும் தெரியாது."

"உசுரு குடுத்தவருக்குப் பேரு தெரியும் சாமி."

சாமியார் பூசை நோட்டில் இரண்டையும் குறித்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நின்று, "சவரிநாதனுக்காகவும், இன்னொரு தாயின் மகனுக்காகவும்" என்று வாசித்தார். நன்றிப் பூசைக்காரர்களும் எழுந்துபோகாமல் முழங்காலில் இருந்தார்கள்.

அந்தப் பெண் திரும்பிப் போகவில்லை. அவள் சொன்ன பெயர் ஊராரின் வாயில் நுழையாததால் டிசம்பரம்மா ஆனாள். உப்பு வாரப் பழகினாள். இருவரும் அவரவர் பாஷையில் பேசி, குழம்பில் காரம் அதிகம் என்று அவரவர் பாஷையில் சண்டையும் போட்டார்கள். 1975இல் ரேஷன் கார்டுக்குப் பெயர் சேர்க்க வந்த குமாஸ்தா தனகோடி, அவள் உனக்கு என்ன உறவு என்று ஆனந்தம்மாளைக் கேட்டார்.

"சம்பந்தி."

சவரிநாதன் கல்யாணம் ஆகாமல் செத்தவன் என்பது தனகோடிக்குத் தெரியும். பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளைங்களால வந்த உறவுதானுங்க," என்றாள் ஆனந்தம்மாள்.

தனகோடி அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.