சரி பண்ணினதும் கூப்பிடுறேன்

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவருக்குக் கோபம் வருவது அரிது. வந்துவிட்டால் லேசில் போகாது. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அவர் போட்ட கத்தலில் மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கத்தியது எந்த மனிதர் மேலும் இல்லை, ஒரு கார் ரேஸ் கேம் மேல். ஐம்பதை நெருங்குகிற ஆளுக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். அவருக்குத் தேவையாகத்தான் இருந்தது.

மனைவி பிரிந்து போய் சில வருஷங்கள் ஆகின்றன. மகளோடு வேறு ஊரில் தன் அண்ணன் வீட்டு மாடியில் இருந்தாள். மகளுக்குப் பதிமூன்று வயது. சாப்பிடுவது, குளிப்பது, செருப்பு மாட்டுவது எதிலும் அவசரமே கிடையாது என்பதால் சின்ன வயதில் அவர் வைத்த பட்டப்பெயர் ஆமை. கேமிலும் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டாள். அவருக்கு அதில் டப்பா வண்டி என்று பெயர். அது அவள் வைத்தது.

போனில் இருவருக்கும் பேச வராது. "சாப்பிட்டியா?" "ம்." "ஸ்கூல் எப்படிப் போகுது?" "ம்." அதற்கு மேல் இரண்டு பக்கமும் மூச்சுவிடும் சத்தம்தான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம், அந்தக் கேமில் தங்களுக்கென்று ஒரு தனி அறை திறந்துகொண்டு, காதில் ஹெட்போனை மாட்டி மலைப்பாதையில் வண்டியை விட்டார்கள் என்றால் வாய் தானாகத் திறந்துகொள்ளும்.

"பிரேக்க பிடி, வளைவு வருது."

"எனக்குத் தெரியும். நீங்க உங்க டப்பாவ ஒழுங்கா ஓட்டுங்க."

இப்படிச் சீண்டிக்கொண்டே போகிற போக்கில் கண்ணாடி போட்டது, தோழியோடு சண்டை, மாமா வீட்டில் ஒண்டிக்கிடக்கிற கசப்பு எல்லாம் வந்து விழும். கண் ரோட்டில் இருந்தால் மனுஷனுக்குப் பேச்சு சுலபமாகிவிடுகிறது. மலை உச்சிக்கு முன்னால் ஒரு சுரங்கப்பாதை உண்டு. அதன் வாசலில் அவர் வண்டியை ஓரங்கட்டுவார். கொஞ்ச நேரம் கழித்து ஹாரன் அடித்துக்கொண்டு ஆமை வந்து சேரும். "வந்துட்டேன்பா, போலாம்." வாரம் முழுக்க அவர் காத்துக்கிடந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

கேமை விற்கும்போது அந்தக் கம்பெனி வானத்தை வில்லாக வளைக்கப் போவதாகச் சொல்லியிருந்தது. மழை வரும், பனி வரும், புதுப் பாதைகள் வரும் என்றது. காசை வாங்கிப் போட்டுக்கொண்ட பிறகு மழையும் வரவில்லை, பனியும் வரவில்லை. ஒரு பெரிய அப்டேட் மட்டும் வந்தது. அதோடு தனி அறை படுத்துவிட்டது. உள்ளே போகலாம், வண்டி ஓட்டலாம், கூட வந்தவர் மட்டும் கண்ணில் படமாட்டார். பேச்சும் கேட்காது. அவர் கத்தியது அந்தச் சனிக்கிழமைதான்.

கத்தி ஓய்ந்தபோது போன் அடித்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க?"

"சுரங்கப்பாதை வாசல்ல நிக்கிறேன்."

"நானும் அங்கதான் நிக்கிறேன். நீங்க இல்லையே?"

இரண்டு ஊரில் இரண்டு பேர், ஒரே இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்த வாரம் சரி பண்ணிடுவாங்க கண்ணு. சரி பண்ணினதும் நானே கூப்பிடுறேன்" என்றார். "சரிப்பா" என்று அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் சரியாகவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. கேம் ஆடுபவர்கள் கூடிப் புலம்புவதற்கென்று கம்பெனி இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தது. அதில் அவர் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். "ஐயா, தனி அறை வேலை செய்யவில்லை, தயவுசெய்து பாருங்கள்." பதில் வந்தது: "கவனத்துக்குக் கொண்டுவந்தமைக்கு நன்றி. எங்கள் குழு பார்த்துவருகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி." நான் பொறுமையாக இருக்கிறேன் என்று இவனுக்கு யார் சொன்னது என்று பல்லைக் கடித்தார். மறுபடி எழுதினார். எழுத்துப் பிசகாமல் அதே பதில். இடையில் கம்பெனி வண்டிகளுக்குத் தங்க நிற பெயின்ட் விற்பனைக்கு விட்டது. வீடு ஒழுகுகிறது என்று போனவனிடம் வாசலுக்குத் தோரணம் விற்கிற புத்தி அது.

பிறகு சனிக்கிழமை சாயங்காலங்கள் எழுதுவதற்கென்றே ஆகிவிட்டன. ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டால்தான் அவருக்கு அன்றைய சாப்பாடு இறங்கும். கூட வேலை பார்க்கிற தம்பிக்கு இது வேடிக்கை. "அண்ணே, இந்தக் கம்பெனிய விட்டுட்டு பொண்ணுக்கு ஒரு போன் போடலாம்ல?" என்றான் ஒருநாள்.

"போட்டு என்னடா சொல்றது? இன்னும் சரியாகலன்னா? சரியாகட்டும், நல்ல சேதியோட பேசுறேன்."

அந்த வாரமே ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோனது. உள்ளே ஒரு டைப்பிஸ்ட் அம்மா கதவைக் குத்தி அழுதுகொண்டிருந்தாள். தம்பி மோட்டார் ரூமுக்கு ஓடினான். அவர் கருவிப் பையைத் திறக்கவே இல்லை, நேராகக் கதவோரம் போய் நின்றார். "அம்மா, நான் லிஃப்ட் ரிப்பேர்காரன். வெளியதான் நிக்கிறேன். காத்து வரும், பயப்படாதீங்க. வீட்ல யார் யார் இருக்காங்க?" அந்த அம்மா விசும்பலுக்கு நடுவே மாமியாரைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தாள். அவரும் விடாமல் "அப்புறம்?" போட்டுக்கொண்டே இருந்தார். கீழே இறக்கிக் கதவைத் திறந்தபோது அவள் முகத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

"எப்பவும் இதச் சொல்றேன் உனக்கு" என்றார் தம்பியிடம். "லிஃப்ட் நின்னா ஆள் சாகமாட்டான். வெளிய சத்தமே இல்லன்னா பாதி செத்துடுவான். கேபிள், மோட்டார் எல்லாம் அப்புறம். மொதல்ல பேசணும்."

சனிக்கிழமை அதையே எழுதினார். "நான் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன்" என்று ஆரம்பித்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேசாதவனுக்கு அந்த வேலையைத் தொடத் தகுதி இல்லை என்று போய்க்கொண்டிருந்தது. கை சூடுபிடித்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஆமை.

"அப்பா..."

"இரு கண்ணு. உனக்காகத்தான் முக்கியமா ஒண்ணு எழுதிக்கிட்டிருக்கேன். முடிச்சிட்டு கூப்பிடுறேன், என்ன?"

"சரிப்பா."

அவர் முடித்தார். அதைப் படித்து ஆயிரக்கணக்கானவர்கள் ஆகா ஓகோ என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் "லிஃப்ட் அண்ணே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்காத மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கூப்பிடுகிறேன் என்று சொன்னது மறந்துபோனது என்று சொல்ல முடியாது. ராத்திரி நினைவு வந்தது, தூங்கியிருப்பாள் என்று விட்டார். மறுநாளும் நினைவு வந்தது, என்னத்தைச் சொல்ல என்று விட்டார். பிறகு நினைவு வருவது நின்றுபோனது.

ஆயிரம் பேர் சேர்ந்து கேட்டதும் கம்பெனி வாயைத் திறந்தது. "சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாததால்தான் இத்தனை நாள் மௌனமாக இருந்தோம். வருந்துகிறோம்."

வேலைக்கு நடுவே போனில் அதைப் படித்துவிட்டு அவர் துள்ளிக் குதித்தார். "சொல்ல ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னாவது சொல்லித் தொலைங்களேண்டா!"

தம்பி அவரை ஒரு மாதிரிப் பார்த்தான். ஸ்பேனரைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வருஷம் முடிகிற சமயத்தில் தனி அறை சரியானது. சத்தமில்லாமல் ஒரு சின்ன அப்டேட், ஒரு வரி அறிவிப்பு. அவர் அதை இரண்டு தடவை படித்தார். ஹெட்போனை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார். முதலில் தானே மலைப்பாதையில் ஏறி, சுரங்கப்பாதை வாசலில் ஓரங்கட்டி, இன்ஜினை அணைக்காமல் வைத்துக்கொண்டு மகளுக்கு போன் போட்டார்.

"சரி பண்ணிட்டாங்க கண்ணு! சுரங்கப்பாதைகிட்ட நிக்கிறேன், வா!"

"தெரியும்பா. பாத்தேன்." குரல் அவளுடையதாகவே இல்லை, கொஞ்சம் தடித்து, பெரிய மனுஷி மாதிரி இருந்தது. "நான் அந்த கேம கம்ப்யூட்டர்லேர்ந்து எடுத்துட்டேன்பா."

"ஏம்மா? திரும்பப் போட்டுக்கலாம், கஷ்டமே இல்ல."

"கெட்டுப்போன பிறகும் கொஞ்ச நாள் சனிக்கிழமையில போய் அங்க நின்னேன். நீங்க தெரியமாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் நீங்களும் வந்து நிப்பீங்கன்னு நெனச்சுக்கிட்டேன். நின்னீங்களா?"

அவருக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "நான்... அவங்களுக்கு எழுதிக்கிட்டிருந்தேன்."

"படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன். லிஃப்ட் பத்தி எழுதினது ரொம்ப நல்லா இருந்துச்சு."

பாராட்டு என்று நினைத்து ஒரு கணம் அவர் மனசு குளிர்ந்தது. அந்த மடத்தனத்தை என்னவென்று சொல்ல.

"அத எழுதுறப்பதானே நீ கூப்பிட்ட? எதுக்கும்மா கூப்பிட்ட அன்னிக்கு?"

"மறந்துடுச்சு" என்றாள். மறக்கவில்லை என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள், எதிலும் அவசரப்படாத அதே பழைய ஆமையாக. "அப்பா, நானும் உள்ளதான்பா இருந்தேன்."

மூடிய கதவுகளுக்கு வெளியே நின்று எத்தனையோ அந்நியர்களிடம் மணிக்கணக்கில் பேசியவர் அவர். அழுகிறவர்களை, சாமியைக் கூப்பிடுகிறவர்களை, கெட்ட வார்த்தையில் திட்டுகிறவர்களைக்கூடப் பேசிப் பேசியே நிலைக்குக் கொண்டுவந்தவர். நான் வெளியதான் நிக்கிறேன் என்கிற முதல் வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இப்போது அதை அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

அந்தப் பக்கம் அவள் வைக்கவில்லை. மூச்சுவிடும் சத்தம் கேட்டது. காத்திருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள்.