கட்டிலுக்கடியில் ஒரு பிரிண்டர்

மாமனார் வீட்டில் மின்விசிறிக்கு நேர்கீழே கிடக்கும் நாற்காலி பெரிய மாப்பிள்ளையுடையது. யாரும் எழுதிக் கொடுத்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். சென்ற முறை போனபோது அதில் சின்ன மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்திருக்கத்தான் போனார். மாமனார் அவர் தோளை அமர்த்தி, “நீங்க உக்காருங்க, வேலை செஞ்சு களைச்சு வந்திருக்கீங்க” என்றார்.

பெரிய மாப்பிள்ளை அன்று காலையிலிருந்து நின்றபடியே துணிப்பை அச்சடித்துவிட்டு வந்திருந்தார். கதவோரத்து ஸ்டூலில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போலக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மூத்தவருக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் தொழில். இளையவர் பிரிண்டர் ரிப்பேர் பார்ப்பவர். ஒருவர் தொழிலில் மற்றவர் குறுக்கிடாதவரை சகலைகள் இருவரும் சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். குறுக்கே வந்தது பிலிம்.

ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பிலிம் வேண்டும். படத்தைக் கண்ணாடித் தாளில் கறுப்பாக அடித்து, மருந்து பூசிய ஸ்கிரீன்மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், வெளிச்சம் பட்ட இடம் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் மட்டும் தண்ணீரில் கரைந்து, மை இறங்க வழிவிடும். கறுப்பு நல்ல கறுப்பாக இல்லையென்றால் எல்லாமே இறுகி ஸ்கிரீன் பாழ். அந்தக் கறுப்புக்காகத்தான் தெருவிலிருந்த எல்லா அச்சுக்காரர்களும் தொலைவிலிருந்த பிலிம் கடையில் காத்துக் கிடந்தார்கள். இளைய சகலை என்ன செய்தார் என்றால், ஏதோ ஆபீஸில் தூக்கிப் போட்ட கலர் இங்க்ஜெட் பிரிண்டர் ஒன்றை எடுத்து வந்து, நீலம், சிவப்பு, மஞ்சள் இருந்த இடத்திலெல்லாம் கறுப்பு மையை ஊற்றினார். எல்லா வாயும் கறுப்பையே துப்பின. அதோடு தெருவே அவர் வாசலுக்குப் போய்விட்டது.

“டாக்டர்னு கூப்பிடறாங்களாம் அவரை. தங்கச்சி சொன்னா” என்றாள் மனைவி.

“ஊசியும் போடுறாரா?”

“பாராட்ட மனசு வரலைன்னா சும்மா இருங்க.”

மனசு வராததற்குக் காரணம் இருந்தது. அதே மாடல் பிரிண்டர் ஒன்று இவர் கடையிலேயே பல வருஷமாகக் கிடந்தது. அதன்மேல்தான் டீ டம்ளர் வைப்பார். டம்ளரின் வட்டம் வட்டமான கறைகளைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது வயிறு எரிந்தது. ஒருநாள் அதைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் வைத்தார். மனைவி கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்து, போனில் வீடியோ ஓடவிட்டு, அதன் வயிற்றைத் திறந்து கறுப்பை ஊற்றிப் பழகினார். போர்வையில் விழுந்த கறைக்குப் பேனாமேல் பழி போட்டார். அப்படியும் பிலிமுக்குச் சகலையிடமே போனார். தன்னுடையது அவருடையதை மிஞ்சும் நாளில்தான் வெளியே சொல்வது என்று ஒரு வைராக்கியம்.

அப்போதுதான் வண்ண மீன் கடைக்காரரின் வேலை வந்தது. மறுநாள் கடை திறப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் துணிப்பை. பையில் ஒரு தங்கமீன்: நீலம், வெள்ளை, ஆரஞ்சு, கடைசியில் கறுப்புக் கோடும் கண்ணும். நாலு பிலிமையும் சகலை அடித்து, படம் இருந்த பென் டிரைவையும் சேர்த்துக் கொடுத்தார். கூடவே எப்போதும் சொல்வதையும் சொன்னார்:

“ஈரக் கையால தொட்டுறாதீங்கண்ணே. மை கரைஞ்சிடும்.”

ஸ்கிரீனும் தண்ணீருமாகவே வாழ்ந்த தனக்கு இவன் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று வழியெல்லாம் கறுவிக்கொண்டு வந்தார். மூன்று நிறத்துக்கும் ஸ்கிரீன் தயாராயிற்று. மூன்றாவதைக் கழுவி நிறுத்திவிட்டு, அந்தக் கறுவலோடேயே கறுப்புப் பிலிமை எடுத்தார். கையைத் துடைக்கவில்லை. கட்டைவிரல் சரியாக மீனின் கண்ணில் பதிந்து, கண் கரைந்து விரலோடு வந்துவிட்டது.

சகலையிடம் போய் இன்னொன்று கேட்கலாம். ‘ஈரக் கையா அண்ணே?’ என்று அவர் கேட்பார். சிரிக்கக்கூட மாட்டார், அதுதான் தாங்காது. பென் டிரைவைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து பிரிண்டரை இழுத்து, கறுப்பை அடித்து, ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். ஊசிமுனை வெளிச்சம்கூடக் கசியவில்லை. சகலையின் பிலிமில் எப்போதும் ஒரு சாம்பல் சாயல் உண்டு. இதில் அது இல்லை. தனியாக நின்று சிரித்துக்கொண்டார்.

மதியம் அச்சு தொடங்கியது. மூன்று நிறமும் ஒன்றன்மேல் ஒன்று அழகாக உட்கார்ந்தன. கறுப்பு மையைத் தேய்த்து இழுத்து, ஸ்கிரீனைத் தூக்கினார். வாலில் கோடு கச்சிதம். உடம்பில் கொஞ்சம் விலகல். தலைக்கு வரும்போது கண் முகத்தைவிட்டு வெளியே நின்றது. பையை நகர்த்தி இன்னொன்று அடித்தார். இப்போது கண் சரி, வால் போய்விட்டது.

பைகளைக் காயப்போட நின்ற மனைவி வாங்கிப் பார்த்தாள். “மீனுக்கு மாறுகண்ணா?”

இன்னும் சில பைகள் வீணாயின. மீன் கடைக்காரர் போன் செய்து, “காலையில வந்து எடுத்துக்கலாம்ல?” என்றார். “தாராளமா” என்றார் இவர், வீணான பைகளைக் காலால் மேஜைக்கடியில் தள்ளியபடி.

“பிலிம் தங்கச்சி வீட்டுக்காரர் அடிச்சதுதானே? அவரையே போய்க் கேளுங்க” என்றாள் மனைவி.

“நானே பாத்துக்கறேன்.”

“நீங்க போறீங்களா, நான் போன் போடட்டுமா?”

அவள் போன் போட்டால் விஷயம் மாமனாரின் மின்விசிறிவரை போகும். அவரே கிளம்பினார்.

சகலை ஒரு பிரிண்டரைக் குடலோடு பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையைப் பார்த்ததுமே, “இந்தக் கறுப்பு என்னுது இல்லையே” என்றார்.

“அது கொஞ்சம் கீறிடுச்சு தம்பி. உங்களுக்கு எதுக்குத் தொந்தரவுன்னு வெளியில ஒருத்தர்கிட்ட அடிச்சேன்.”

“அந்த பிலிமைக் காட்டுங்க.”

வாங்கி டியூப் லைட்டில் பிடித்தார். பிடித்த கை இறங்கவே இல்லை. சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

“யாருண்ணே அது?”

“உங்களுக்குத் தெரியாது.”

“நம்ம தெருவா?”

“தெருவுக்குள்ளதான்” என்றார் இவர். சொல்லும்போதே நாக்கில் தித்திப்பு.

சகலையின் முகத்தில் ஒரு கறுப்பு படர்ந்தது. “எவனா இருந்தாலும் அரைகுறை. நாலு நிறமும் ஒரே மெஷின்ல அடிக்கணும்னுகூடத் தெரியலை. பழைய மெஷின் ஒவ்வொண்ணும் தாளை ஒவ்வொரு மாதிரி இழுக்கும். மாடல் ஒண்ணாவே இருக்கட்டும், உருளை தேய்ஞ்சிருக்கும்ல. இது சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

தித்திப்பு போய்விட்டது. அந்த அரைகுறை ஆள் அவர் எதிரிலேயே ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

சகலை தன் மெஷினில் கறுப்பை அடித்தார். குறுக்கே வெள்ளைக் கோடுகள் விழுந்தன. சுத்தம் செய்து மறுபடி அடித்தார். இரண்டு பிலிமையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தார். வால் பொருந்தியது, வாயில் ஒரு அரிசி அகலம் வித்தியாசம். ஆனால் அவர் பார்த்தது அதையல்ல என்று இவருக்குத் தெரிந்தது. ஒன்று கறுப்பு, மற்றது சாம்பல்.

“இந்தாங்க. ஈரக் கை…”

“தெரியும்.”

“அண்ணே.” வாசல்வரை வந்தார் சகலை. “அந்த ஆளு என்ன மை ஊத்துறான்னு கேட்டுச் சொல்லுங்களேன். நான் கேட்டேன்னு சொல்ல வேணாம்.”

இருவரும் ஊற்றியது ஒரே மைதான். தாள் வகை கேட்கும் இடத்தில், கெட்டி போட்டோ தாள் என்று பிரிண்டரை நம்பவைத்தால் அது கஞ்சத்தனம் இல்லாமல் மையைக் கொட்டும். இவர் தற்செயலாகக் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

“கேட்டுப் பாக்கறேன்” என்றார்.

கடைக்குத் திரும்பி, கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் பிலிமைத் தொட்டார். சாம்பல் பிலிம் என்பதால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டவேண்டியிருந்தது. ஸ்கிரீன் காய்ந்து, முதல் பை இறங்கியபோது கண் முகத்துக்குள் ஒழுங்காக வந்து உட்கார்ந்தது.

“பாத்தீங்களா?” பையை இரு கையாலும் விரித்துப் பிடித்தாள் மனைவி. “அவர் கை பட்டா எப்படி உக்காருது. அப்பா சொல்றது சும்மா இல்லை.”

கட்டிலுக்கடியில் இருப்பதைச் சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் மாறுகண் மீனும் தன் கணக்கில்தான் எழுதப்படும். அடுத்த பையை எடுத்து விரித்தார்.

கடைசிப் பைகள் காய்ந்துகொண்டிருந்தபோது போனில் சகலையின் செய்தி வந்தது: ‘கேட்டீங்களா அண்ணே?’

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘கேட்டேன். சொல்ல மாட்டேங்கறான்.’

பதில் உடனே வந்தது. ‘பொறாமை புடிச்சவன் போல.’

பெரிய மாப்பிள்ளை அதை இரண்டு முறை படித்தார். பிறகு ‘ஆமா’ என்று அனுப்பிவிட்டு, ஸ்கிரீனைக் கழுவப் போனார்.