அக்கா மாத்திரை

"அக்கா, கம்பெனியில எல்லாருக்கும் தட்டம்மை ஊசி போடுறாங்க. நானும் வரிசையில நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தம்பி போனை வைத்துவிட்டான்.

என் சிறுநீரகம் ஒன்று இப்போது அவன் உடம்பில் இருக்கிறது. அதை உடம்பு ஒதுக்கித் தள்ளாமல் இருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குகிறான். "உயிருள்ள கிருமியில செஞ்ச ஊசி மட்டும் கூடவே கூடாது. உயிருக்கே ஆபத்து. தட்டம்மை ஊசி அந்த ரகம்" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னபோது, இவன் பெரிய துரைபோல ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. பாதி தைத்த சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு டேப்புடன் இரண்டு தெரு தள்ளியிருக்கும் அவன் கம்பெனிக்கு ஓடினேன். லிப்ட் வருவதாக இல்லை, படியேறினேன். போட்டிருந்தால்? போட்டிருந்தால் என்ன செய்வேன்?

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் பஞ்சால் தோளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க! இவன் மாத்திரை சாப்பிடுறவன். சொல்லலையா?"

"கேட்டேனே. அக்கா மாத்திரை மட்டும்தான்னாரு. நீங்க வாங்கிக் குடுக்கிற சத்து மாத்திரைன்னு நெனச்சேன்."

என் சிறுநீரகத்தைக் காக்கிற மாத்திரைக்கு வீட்டில் நாங்கள் வைத்த செல்லப் பெயர் அது. விளையாட்டு வினையாகும் என்பது இதுதான். விஷயத்தைச் சொன்னேன். நர்ஸின் முகம் வெளுத்தது. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"வாயத் திறந்து ஒழுங்காச் சொன்னா என்னடா?" ஓங்கி ஓர் அறை விடலாம்போல இருந்தது.

"இங்க யாருக்கும் தெரியாதுக்கா. நோயாளின்னு ஒதுக்கிருவாங்க" என்று முணுமுணுத்தான். அறை முழுக்கக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

"இவருக்கு வேண்டாம்" என்றார் நர்ஸ். "சுத்தி இருக்கிறவங்க போட்டுக்கிட்டா நோய் இவர்கிட்ட வர்றது கஷ்டம். வீட்ல யாரு?"

"நான்தான்."

"நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க? செல்லப் பேரு வேண்டாம், டப்பாவில இருக்கிற பேரச் சொல்லுங்க."

எதுவும் இல்லை என்றேன். நாற்காலியில் உட்காரப் போனேன். அதற்குள், ஊசிக்குப் பயந்து வாசல் பக்கமாக நழுவிக்கொண்டிருந்த கணக்கர் ஓடி வந்து உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மொதல்ல போடுங்க சிஸ்டர். நான் இவருக்குப் பக்கத்து சீட்டு" என்று சொல்லிவிட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

தம்பி சுருட்டிய கையை இறக்கிவிடவும் மறந்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றான்.