பச்சைக் கரி

ஒரே வீட்டை நடுவில் பலகை வைத்து அடைத்து இரண்டு குடும்பம் இருந்தோம். அந்தப் பக்கம் என் சகலை, அதாவது என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இந்தப் பக்கம் நான். இரண்டு பேருக்கும் பிழைப்பு ஒரே சிமெண்டு ஆலையில்தான். அவன் கரி முற்றத்தில் மூட்டை தூக்கினான். நான் குப்பை பெல்ட்டில் நின்றேன். கொடியில் அவன் சட்டை எத்தனை துவைத்தாலும் கறுப்பாகக் காயும், என் சட்டை எத்தனை துவைத்தாலும் நாறிக்கொண்டு காயும். தபால்காரர்கூட எங்களைக் கரி வீடு, குப்பை வீடு என்றுதான் விசாரிப்பார்.

ஆலையில் ஒரு சூளை இருக்கிறது. அது அணைந்தால் ஆலையே அணைந்த மாதிரி. காலங்காலமாக அதற்குக் கரிதான் தீனி. பிறகு கரியை எரிப்பது உலகத்துக்கே கேடு என்று மேலே இருப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அவர்களில் ஒருவரும் கரி முற்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அந்தக் கேட்டை இன்னும் சீக்கிரம் கண்டுபிடித்திருக்கலாம், என் சகலை இருமுவதை ஒரு தடவை கேட்டால் போதும். எப்படியோ, கரிக்குப் பதிலாக நகரத்துக் குப்பையை எரிப்பது என்று முடிவானது. குப்பைக்கு மாற்று எரிபொருள் என்று பெயர் சூட்டினார்கள். மறந்துபோய் யாராவது குப்பை என்று சொல்லிவிட்டால் மேலாளருக்கு முகம் சுண்டிவிடும்.

அந்த மேலாளரை நாங்கள் பச்சைச்சட்டை என்போம். குப்பை எரிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவர் வேறு நிறத்தில் சட்டை போட்டதில்லை. புகையின் தீமையைப் பற்றி எங்களுக்கு வெயிலில் பாடம் நடத்துவார். அவர் பேசி முடிக்கும்வரை அவருடைய ஜீப் இன்ஜின் ஓடிக்கொண்டே நிற்கும், திரும்பி ஏறும்போது உள்ளே குளுகுளு என்று இருக்க வேண்டுமே.

பெல்ட்டில் ஓடி வரும் குப்பையிலிருந்து கல், இரும்பு, கண்ணாடி இவற்றைப் பொறுக்கி வெளியே போடுவது என் வேலை. நான் எழுத்துக் கற்றதும் அங்கேதான். சோப்பு உறை, மாத்திரை அட்டை, யாரோ பரீட்சை முடிந்து வீசிய பாடப்புத்தகம் என்று கண் முன்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓர் எழுத்தை மனதில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய் மகளிடம் வரைந்து காட்டுவேன், அவள் சொல்லித் தருவாள். இப்படி நரைத்த தலையோடு படித்தேன். ஓடுகிற எழுத்து, தலைகீழ் எழுத்து, கிழிந்த எழுத்து எல்லாம் படிப்பேன். சின்ன ர, பெரிய ற இரண்டில் எதை எங்கே போடுவது என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை. அவளும் சொல்லிப் பார்த்து அலுத்துவிட்டாள்.

குப்பை எரியும் என்று நான் நம்பினேன். கோடையில் காய்ந்த குப்பை நன்றாகவே எரிந்தது. கரி லாரிகள் குறைந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஆகவே இந்த யோசனையே புரட்டு என்று சொல்ல மாட்டேன். யோசனை நல்ல யோசனைதான். அது போய்ச் சேர்ந்த கைகள்தான் அப்படி.

மழைக்காலம் தொடங்கியபோது அந்த அறிவிப்பு வந்தது. வெளிநாட்டில் சிமெண்டு வாங்குகிறவர்கள் சோதனைக்கு ஆள் அனுப்புகிறார்களாம். சூளையின் தீயில் பாதியாவது குப்பையாக இருந்தால் பசுமை ஆலை என்று முத்திரை கிடைக்கும். கிடைத்தால் பெல்ட்டு ஆட்களுக்கு வேலை நிரந்தரம், கரி ஆட்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் பெல்ட்டை மூடிவிடுவார்கள், நாங்கள் போகலாம். பச்சைச்சட்டை இதைச் சாப்பாட்டுக் கூடத்தில், பல்லிடுக்கைக் குத்திக்கொண்டே சொன்னார்.

அன்று மாலையிலிருந்து அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அதுவரை பலகைச் சுவருக்கு மேலே உப்பும் தீப்பெட்டியும் கை மாறிக்கொண்டிருந்தன. சகலை மட்டும் வாசலுக்கு வந்து நின்றான்.

"உன் குப்பை எரிஞ்சா என் அடுப்பு எரியாது. அவ்வளவுதானே சகலை?"

நீயும் பெல்ட்டுக்கு வந்துவிடேன், நான் மேஸ்திரியிடம் சொல்கிறேன் என்றேன். கொஞ்சம் மிதப்பாகவே சொல்லியிருப்பேன்.

"எதுக்கு, அடுத்தவன் மூக்கு சிந்தின துணியைப் பொறுக்கவா? கரி கறுப்புதான். ஆனா நாறாது."

மழை வலுத்தது. குப்பை நனைந்து களியாகி வந்தது. பெல்ட்டிலிருந்து சொட்டிய தண்ணீரில் எங்கள் கால்விரல் இடுக்கெல்லாம் புண். சூளை சூடு இறங்குகிறது என்று உள்ளேயிருந்து வசவுக்கு மேல் வசவு. கூரை போட்டுக் குப்பையைக் காய வைத்திருக்கலாம். கூரை போட மேலிடம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஆலை வாசலில் கண்ணாடி வளைவு கட்ட மட்டும் ஒத்துக்கொண்டது.

பச்சைச்சட்டைக்கு மூளை வேறு விதமாக வேலை செய்தது. பெல்ட்டுக்கு அடியில் எடை போடும் கருவி இருக்கிறது. அதற்கு எடை தெரியும், என்ன சாமான் என்று தெரியாது. அந்த வழியாகப் போவதெல்லாம் அதன் கணக்கில் குப்பைதான். ஆகவே சோதனைக்காரர்கள் வரும் நாளில் கரி முற்றத்திலிருந்து பொடிக்கரியைக் குப்பை மூட்டைகளில் கட்டிக்கொண்டு வந்து பெல்ட்டின் தலையில் கொட்டச் சொன்னார். அதன் மேல் மெல்லிசாகக் கந்தல் துணியையும் நெகிழித் தாளையும் பரப்பி விடுவது எங்கள் வேலை. பிள்ளைக்குப் போர்த்துவது போலப் பக்குவமாகப் பரப்ப வேண்டும் என்றார். பரப்பினோம்.

சகலை கரி மூட்டையைச் சுமந்து படியேறி வந்தான். கரியே தேவையில்லை என்று காட்டுவதற்குத்தான் அந்தக் கரி.

"என் குழியை நானே வெட்டுறேன்," என்று மூச்சு வாங்கினான். "அதுக்குக் கூலியும் குடுக்கறாங்க பாரு."

சோதனைக்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் அவளுக்குக் குடை பிடிக்க ஓர் ஆளும் வந்தார்கள். அவள் காலில் புத்தம் புது ரப்பர் பூட்ஸ், முழங்கால் வரைக்கும். அவள் எடைக் கருவியைப் பார்த்தாள், தலையாட்டினாள். கந்தல் போர்வையைப் பார்த்தாள், தலையாட்டினாள். அதோடு இறங்கிப் போயிருப்பாள். படியில் மூட்டையோடு என் சகலை எதிரே வந்துவிட்டான். மூட்டையில் என்ன என்று சைகையால் கேட்டாள்.

அவன் மூட்டையை இறக்கி வைத்தான். என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை போதும், பெல்ட்டு மூடிவிடும், மறுநாள் நான் வீட்டில்.

"கரிங்க," என்றான். "சுரங்கத்துக் கரி. முற்றத்துலேர்ந்து தூக்கிட்டு வர்றேன்."

பச்சைச்சட்டை ஒரு கணம் வெளிறினார். அடுத்த கணம் அவர்கள் பாஷையில் நீளமாக எடுத்து விட்டார். என்ன சொன்னார் என்பதை அவருடைய ஜீப் ஓட்டுநர் பிற்பாடு எங்களுக்குச் சொன்னார். ஈரக் குப்பையை வாட்டிக் கரியாக்கும் புதிய முறை ஒன்றை இங்கே சத்தமில்லாமல் செய்துவருகிறோம், இந்தத் தொழிலாளி அதைத்தான் பெருமையாகச் சொல்கிறான், நாங்கள் தற்பெருமை பிடிக்காதவர்கள் ஆகையால் சொல்லாமல் இருந்தோம் என்றாராம்.

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூட்டைக்குள் கை விட்டு அள்ளிப் பார்த்தாள். கை கறுத்தது. பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் துடைத்தாள். போட இடம் தேடி, பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, தாளை என் பெல்ட்டில் போட்டாள். அன்று அந்தப் பெல்ட்டில் நாங்கள் பரப்பாமல் தானாக வந்து விழுந்த குப்பை அது ஒன்றுதான்.

என் சகலையின் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டாள். எல்லாரும் கை தட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பலகைச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டேன்.

"என் பொழப்பைக் கெடுக்கத்தானே வாயைத் தொறந்த?"

"ஆமா."

இவ்வளவு பட்டென்று ஒத்துக்கொள்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"நீ என் எடத்துல இருந்தா மூடிக்கிட்டு இருந்திருப்பியா?" என்றான். "உண்மையைச் சொன்னேன் சகலை. கை தட்டறானுங்க. இதுக்கு மேல என்னத்தைச் சொல்றது?"

முத்திரை கிடைத்தது. ஆனால் அந்தப் பெண்ணுக்குப் பிடித்துப் போனது குப்பை இல்லை, குப்பையிலிருந்து வந்ததாக அவள் நம்பிய கரி. அவளுக்குப் பிடித்தது மேலிடத்துக்கும் பிடித்தது. பச்சைக் கரிப் பிரிவு என்று ஒன்று திறந்தார்கள். அதே முற்றம், அதே கரி, மூட்டை மட்டும் பச்சை. கரி ஆட்களில் ஒருவரையும் அனுப்பவில்லை, புதிதாக வேறு சேர்த்தார்கள், எல்லாருக்கும் பச்சைச் சட்டை கொடுத்தார்கள். பெல்ட்டிலும் அந்தக் கரியே ஓடியது, பொறுக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. கரியில் என்னத்தைப் பொறுக்குவது? எங்களைப் போகச் சொன்னார்கள். நகரத்துக் குப்பை பழையபடி ஊருக்கு வெளியே குவிந்து, தானாகப் பற்றி, தானாகப் புகைந்துகொண்டிருக்கிறது. அந்தப் புகையைப் பற்றிப் பச்சைச்சட்டை ஒரு பாடமும் நடத்தவில்லை.

வேலை போன பிறகு என் மனைவி தானாகப் போய்த் தங்கையிடம் பேசினாள். தங்கை புருஷனிடம் பேசினாள். அவன் மேஸ்திரியிடம் போய், எங்க சகலைக்கு எழுத்து தெரியும் என்றிருக்கிறான். ஊர்க்காரர்கள் படிக்கிற மாதிரி மூட்டைகளில் தமிழில் பெயர் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது. தன் வேலையை நான் தின்றுவிடுவேன் என்று எவன் பயந்தானோ அவன் தயவில் எனக்கு ஒரு தூரிகையும் ஒரு டப்பா மையும் கிடைத்தன. கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். தகரத்தில் எழுத்தை வெட்டி, மூட்டை மேல் வைத்து, மை தடவினேன்.

கொஞ்ச நாள் கழித்து, ஒழுகுகிற கூரையில் போடக் காலி மூட்டை ஒன்றை வீட்டுக்குக் கொண்டு போனேன். என் மகள் அதை விரித்துப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, சூளைக்குப் பச்சைக் கறியா போடறீங்க? மாட்டுக் கறியா, ஆட்டுக் கறியா?"

சின்ன ர போட்டால் அடுப்புக்குள் போவது. பெரிய ற போட்டால் சட்டிக்குள் போவது. நான் பெரியதைப் போட்டிருந்தேன். அத்தனை மூட்டையிலும்.

வேலை போச்சு என்றே நினைத்தேன். மறுநாள் காலையில் பச்சைச்சட்டையின் அறைக்குப் போனேன். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் அளவுக்கு ஒரு படம் மாட்டியிருந்தது. புதுப் பிரிவைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள், பத்திரிகைக்காரர்கள், அவர், எல்லாரும் வரிசையாகச் சிரித்தார்கள். எல்லார் கையிலும் ஆளுக்கொரு மூட்டை. எல்லா மூட்டையிலும் பச்சைக் கறி. எழுதப் படிக்கத் தெரிந்த அத்தனை பேர், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

என்னய்யா என்றார். மை தீர்ந்துபோச்சுங்க என்றேன். ஸ்டோரில் வாங்கிக்கொள் என்றார், தலை நிமிராமல்.

வாங்கிக்கொண்டேன். தகரத்தை மாற்றி வெட்டவில்லை. முதலில் தெரியாமல் போட்டது, இப்போது தெரிந்தே போடுகிறேன். சகலைக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு எழுத்து தெரியாது, எது சின்னது எது பெரியது என்று மூட்டையில் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. புரிந்ததும் சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமல் நிற்கும்வரை மூட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"விடு சகலை," என்றான். "மாத்தாத."

பிறகு மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு அடுத்ததற்குத் திரும்பி வந்து குனிந்தான். ஈர மை அவனுடைய பச்சைச் சட்டையின் முதுகில் பதிந்திருந்தது. எழுத்துகள் இடவலம் மாறி இருந்தாலும் என்னால் படிக்க முடிந்தது.