நாலாவது நாற்காலி

நரி பாறைமேல் உட்கார்ந்திருந்தது.

எழுத்தாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பாறைதான். இருபத்தைந்து வருடமாக அந்த நரி நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது. கரடியின் வண்டியிலிருந்து விழுந்த நாற்காலி.

பக்கத்தைத் திருப்பினார். முயலின் தலையில் பானை இல்லை. ஆமையின் முதுகில் தலையணை இல்லை. எல்லாச் சாமான்களும் வண்டியில் ஏறி, கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தன. வண்டிக்குப் பின்னால் விலங்குகள் வெறுங்கையோடு வரிசையாக நடந்தன. துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் போல இருந்தன.

புத்தகத்தின் பெயர் 'கரடி வீடு மாறுகிறது'. கதை சொல்வது கரடி. ஒவ்வொரு பக்கமும் 'நான் எதையும் தொலைக்கவில்லை' என்று முடியும். படத்தில் ஒவ்வொன்றாகத் தொலைந்துகொண்டிருக்கும். எழுத்து அவருடையது, படம் அவருடைய அக்காவுடையது. கரடி பொய் சொல்வதைக் குழந்தைகள் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார்கள். புத்தகமே அவ்வளவுதான். அவர் எழுதிய பத்தில் இதைத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள். கடையில் நின்றால்கூட யாராவது ஒருவர் 'கரடி மாமா' என்று கூப்பிடுவார்.

"எப்படி சார் இருக்கு?"

கேட்டது பதிப்பாசிரியர். முப்பத்துமூன்று வயதுப் பெண். மேசையில் பென்சில்களை நீளவாரியாக அடுக்கியிருந்தார். இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு அவர் பொறுப்பு. கையில் நான்கு பக்கப் பட்டியல் வைத்திருந்தார்.

"என்னம்மா இது?"

"நாப்பத்தோரு தப்பு சார். ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

"என்ன தப்பு?"

"ஆறாம் பக்கம் 'நாற்காலிகள் நான்கு'ன்னு எழுதியிருக்கீங்க. எண்ணிப் பாத்தா வண்டியில மூணுதான் இருக்கு. நாலாவதையும் வரைஞ்சு ஏத்தியாச்சு."

"நரி உக்காந்திருந்ததே, அதுதான் நாலாவது."

"ஆமா சார். அதனாலதான் நரிக்குப் பாறை போட்டோம். அந்தரத்துல உக்கார வைக்க முடியாதே."

"பாறைக்கே அரை நாள் ஆச்சு சார்" என்றார் எதிர் மேசையில் கணினிமுன் இருந்த வடிவமைப்பாளர். "உங்க அக்கா கோடு மாதிரியே வரணுமில்ல?"

எழுத்தாளர் பல்லைக் கடித்துக்கொண்டார். "கரடி பொய் சொல்லுதும்மா. அது தொலைக்கலன்னு சொல்லணும், படத்துல தொலைச்சிருக்கணும். நீங்க எல்லாத்தையும் வண்டியில ஏத்திட்டா கரடி உண்மை சொல்றதா ஆயிடும். உண்மை சொல்ற கரடியை வெச்சு நான் என்ன பண்றது?"

வடிவமைப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் ஜோக் அடிக்கல."

அதற்கும் சிரித்தார். "மாமா ஃபார்முக்கு வந்துட்டாருப்பா."

முப்பது வருடமாக இதே தொல்லைதான். ஒருமுறை பல் டாக்டரிடம் வலிக்கிறது என்றார். டாக்டர் சிரித்துவிட்டு உதவியாளரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார்.

"இது புத்தகமே இல்லம்மா. சாமான் பட்டியல். பழையபடி மாத்துங்க."

"நாலு மணிக்கு ஃபைல் அச்சகத்துக்குப் போகணும் சார்."

மணி இரண்டு இருபது.

"போகட்டும். பழைய படத்தோட போகட்டும்."

பதிப்பாசிரியர் பட்டியலைக் கீழே வைத்தார். முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் குழப்பம் மட்டும் இருந்தது. "நீங்களே சொல்லித்தான சார் செஞ்சேன்."

"நான் எப்போ சொன்னேன்?"

பதிப்பாசிரியர் இழுப்பறையைத் திறந்து ஒரு நெகிழி உறையை எடுத்தார். உள்ளே நான்காக மடித்து நிமிர்த்திய தாள். எழுத்தாளருடைய கையெழுத்து. பழைய பச்சை மசி.

'அன்புள்ள குட்டி வாசகிக்கு, நீ சொன்னதே சரி. நாற்காலி மூன்றுதான். படம் வரைந்தது என் அக்கா. அவளுக்கு மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாது. அடுத்த பதிப்பில் எல்லாத் தப்பையும் திருத்திவிடுகிறோம். இது சத்தியம்.'

எழுத்தாளருக்கு நினைவில்லை. அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்தால் இருபது கடிதத்துக்கு ஒரே மூச்சில் பதில் எழுதுவார். குழந்தைகள் சிரிப்பார்கள் என்று எழுதியதுதான் எல்லாம்.

"இது நீங்களா?"

"எட்டு வயசு சார். டீச்சர் கிளாஸ்ல இந்தப் புத்தகத்த வாசிச்சாங்க. நான் எழுந்து, டீச்சர், படம் தப்பு, மூணுதான் இருக்குன்னு சொன்னேன். கிளாஸே சிரிச்சுது. அது ஜோக், இதுகூடப் புரியலையான்னு டீச்சர் கேட்டாங்க. அன்னியிலேருந்து எனக்குப் பேரே 'நாலாவது நாற்காலி'. பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்ல."

"அப்புறம்?"

"அப்புறம் உங்க லெட்டர் வந்துது. டீச்சர் கையில குடுத்தேன். சத்தமா வாசிச்சாங்க. எழுதினவரே தப்புன்னு ஒத்துக்கிட்டாரு, நான்தான் சரியாப் பாக்கலன்னு எல்லார் முன்னாடியும் எங்கிட்ட சாரி சொன்னாங்க." பதிப்பாசிரியர் உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு முடிவு பண்ணேன் சார், இந்த வேலைக்கு வரணும்னு."

வடிவமைப்பாளர் இப்போது சிரிக்கவில்லை.

அது விளையாட்டுக்கு எழுதினது என்று ஒரு வரி சொன்னால் போதும். நரிக்கு நாற்காலி கிடைத்துவிடும். இந்தப் பெண் மூன்றாம் வகுப்பில் ஜெயித்தது கையைவிட்டுப் போய்விடும்.

எழுத்தாளர் அந்த வரியை மென்று விழுங்கினார். சுற்றிவளைத்துப் பேசிப் பார்த்தார்.

"எதுக்கும்மா வம்பு? படம் அக்காவோடது. அவகிட்ட கேட்டீங்களா?"

"நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் எப்படிச் சொல்வேன்? அவ ஒத்துக்கவே மாட்டா. பிடிவாதக்காரி. இருங்க."

அக்கா மறுக்கட்டும், பழி அக்காமேல் போகட்டும் என்று அவர் கைபேசியை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டு மேசையில் வைத்தார்.

"என்னடா?" என்றாள் அக்கா. எழுபது வயதுக் குரல். பின்னணியில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம்.

"அக்கா, கரடி புத்தகத்துல உன் படத்தையெல்லாம் மாத்தியிருக்காங்க."

"எதை மாத்தினாங்க?"

"எல்லாத்தையும். நரி பாறைமேல உக்காந்திருக்கு."

குழாய்ச் சத்தம் நின்றது. "யார் பண்ண வேலை?"

"நான்தான் மேடம்" என்றார் பதிப்பாசிரியர். "இங்க பதிப்பாசிரியரா இருக்கேன். சார் எனக்குச் சின்ன வயசுல எழுதின லெட்டர் இருக்கு. அதுல திருத்தறேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க."

"அக்கா, அது கிடக்கட்டும், நீ ஒரே வார்த்தைல..."

"நீ சும்மா இரு. படிம்மா, கேப்போம்."

எழுத்தாளர் ஒலிபெருக்கியை அணைக்கப் போனார். தவறான பொத்தானில் விரல் பட்டு, சத்தம் இன்னும் கூடியது. பதிப்பாசிரியர் கடிதத்தை ஒரு சொல் விடாமல் வாசித்தார். சத்தியம் வரைக்கும் வாசித்தார்.

"எனக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாதா?"

"அக்கா..."

"பதினெட்டு வருஷம் கணக்கு டீச்சரா இருந்தவடா நான்! உன்னையும் பாஸ் பண்ண வெச்சது நான்."

"குழந்தை சிரிக்கட்டும்னு எழுதினேன்கா."

"கரடி விடறத புத்தகத்தோட நிறுத்திக்க வேண்டியதுதான? லெட்டர் போட்டுக் கேட்ட குழந்தைகிட்டயா விடுவ?" அக்கா மூச்சு வாங்கினாள். பிறகு குரல் தணிந்தது. "இங்க பாரும்மா. நாற்காலி தப்பில்ல. நான் வேணும்னுதான் மூணு வரைஞ்சேன். உங்க டீச்சர் சொன்னதுதான் சரி. இவன் உங்கிட்ட விளையாடியிருக்கான்."

பதிப்பாசிரியர் தாளை உறைக்குள் போட்டார். ஒரு முனை மடங்கியது. எடுத்து, நிமிர்த்தி, மறுபடி போட்டார்.

"எட்டு வயசுலயே சொல்லியிருக்கலாமே சார்."

"புரியும்னு நெனச்சேன்மா."

"புரியலன்னுதான எழுதிக் கேட்டேன்."

எழுத்தாளர் சுவரில் ஒட்டியிருந்த விடுமுறைப் பட்டியலைப் பார்த்தார். பதிப்பாசிரியர் வடிவமைப்பாளர் பக்கம் திரும்பினார்.

"பழைய ஃபைல் இருக்கா?"

"இருக்கு. ஆனா எழுத்தெல்லாம் புதுசுல இருக்கு. ஒவ்வொரு படமாத்தான் மாத்தணும்."

"மாத்துவோம். முதல்லேருந்து."

கேட்டது கிடைத்துவிட்டது. எழுத்தாளர் எழுந்து கிளம்பியிருக்கலாம். பதிப்பாசிரியர் நாற்காலியைக் கணினிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பட்டியலை எடுத்தார். அவரைப் பார்க்கவில்லை. கைபேசியைப் பார்த்துக் கேட்டார்.

"மேடம், உங்ககிட்ட புத்தகம் இருக்கா?"

"எடுத்துட்டேன். சொல்லு."

"ஆறாம் பக்கம், நாற்காலி. ஜோக்கா, தப்பா?"

"ஜோக்."

பாறை மறைந்தது. நரி நாற்காலிக்கு வந்தது. பதிப்பாசிரியர் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"எட்டு. பானை."

"ஜோக்."

"எட்டு. நிலாவுக்கு நிழல்."

"ஜோக். அது எனக்கே பிடிக்கும்."

"அது நான் சொன்ன யோசனை" என்றார் எழுத்தாளர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இப்படியே போயிற்று. ஜோக், ஜோக் என்று தீர்ப்பு வாசிப்பது போல வாசித்தார்கள். ஒருவருக்கும் உதட்டோரம்கூட அசையவில்லை. இருபத்தைந்து வருடம் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்த பக்கங்கள். வரிசையாகக் கேட்டால் உப்புச்சப்பில்லாமல் இருந்தன.

"இருபத்தேழு. 'ஐந்து விரலாலும் வண்டியைப் பிடித்தேன்.' படத்துல ஆறு விரல்."

மறுமுனையில் பக்கம் புரளும் சத்தம்.

"மேடம்?"

"எண்ணிக்கிட்டிருக்கேன்." ஒண்ணு, ரெண்டு என்று முணுமுணுப்பு கேட்டது. "அது தப்பு."

"என்ன, தப்பா?" எழுத்தாளர் எழுந்தே விட்டார். "அக்கா! அதுதான் புத்தகத்துலயே பெரிய ஜோக்!"

"தப்புடா. அவசரத்துல போட்டது. நீதான் தலைமேல நின்னு முடி முடின்னு கத்திக்கிட்டிருந்த."

"எத்தன பள்ளிக்கூடத்துல அந்த விரல எண்ணச் சொல்லியிருக்கேன் தெரியுமா? எத்தன மேடையில பேசியிருக்கேன்? பொய் சொன்னா கரடிக்கு விரல் முளைக்கும்னு சொல்லியிருக்கேன்!"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னிக்கே திருத்தியிருப்பேன்."

"அந்த விரல் இருக்கட்டும்மா" என்றார் பதிப்பாசிரியரிடம். குரல் கெஞ்சியது. "தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

கணினிமுன் உட்கார்ந்த பிறகு பதிப்பாசிரியர் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க லெட்டர்ல அஞ்சுக்கு மேல எண்ணத் தெரியாதுன்னு எழுதியிருக்கணும் சார். மூணுன்னு போட்டதுதான் உங்க தப்பு."

வடிவமைப்பாளர் பொத்துக்கொண்டு சிரித்தார். கைபேசி அதிர அக்கா சிரித்தாள். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தாள். பதிப்பாசிரியருக்கும் சிரிப்பு வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

எழுத்தாளர் நின்றுகொண்டே இருந்தார். நல்ல ஜோக்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "மணி மூணே முக்கால்" என்றார்.

ஆறாவது விரல் ஒரு சொடுக்கில் போயிற்று. மிச்சம் எட்டும் ஜோக் என்று தீர்ப்பாகி, ஃபைல் நாலு மணி பத்து நிமிடத்துக்கு அச்சகத்துக்குப் போனது. நாற்பது தப்பு தப்பில்லை. ஒன்று தப்பு. பதிப்பாசிரியர் பட்டியலின் அடியில் அதை எழுதி, தேதி போட்டார்.

எழுத்தாளர் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "அப்போ நான் வரேம்மா. அக்கா, வெச்சிடறேன்."

"வைக்காத. ஏம்மா, மத்த ஒன்பது புத்தகத்துலயும் இப்படிப் பாத்து வெச்சிருக்கியா?"

"லிஸ்ட் இருக்கு மேடம். யாரும் கேக்கலன்னு காட்டல."

"எடு. அந்த ஒட்டகத்தோட நாலாவது கால் பத்தி எனக்கே ரொம்ப நாளா சந்தேகம். நான் என் பிரதியைத் தேடிக்கிட்டு வரேன், லைன்லயே இரு."

"ஒட்டகத்தைத் தொடக்கூடாது" என்றார் எழுத்தாளர்.

"நீங்களும் உக்காருங்க சார்" என்றார் பதிப்பாசிரியர். இழுப்பறையிலிருந்து தடிமனான ஒரு கோப்பு வெளியே வந்தது.

கைபேசியில் சார்ஜ் பதினோரு சதவீதம் இருந்தது. அக்கா உள்ளறையில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். எழுத்தாளர் பையை இறக்கினார். சார்ஜர் இருக்கா என்று வடிவமைப்பாளரிடம் கேட்டார்.