குதிரைக்கு ஒரு கம்பு

நடுவழியில் நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்து கதவைத் திறந்தபோது, உள்ளே வேர்த்துப்போய் நின்ற குடியிருப்புச் சங்கச் செயலாளர் நன்றி சொல்லவில்லை. "உங்க பொண்ணு கீழ குதிரை ஓட்டுதாமே? பாப்பாவுக்கு என்ன வயசு, மூணா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது.

அங்கேயே குடியிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காது சுட்டது. விறுவிறுவென்று கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கினார். மகள் காலிடுக்கில் கம்பை வைத்து, அதன் நுனியில் துணியால் தைத்திருந்த குதிரைத் தலையின் கடிவாளத்தைப் பிடித்தபடி, பெயிண்ட் டப்பாக்கள்மேல் கிடத்திய குறுக்குக்கழியைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரம். இதற்குப் போட்டியெல்லாம் உண்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை தானும் போகிறேன் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் காதில் போட்டுக்கொண்டதில்லை.

"ஊரே சிரிக்குது. கழுதை வயசாச்சு, குச்சிய வெச்சுக்கிட்டு ஆடுற!"

"ஆடலப்பா. தாண்டுறேன்."

அந்த நிதானம்தான் அவரை என்னவோ செய்தது. கம்பைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். அவள் அழுதிருந்தாலாவது ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். தலையை மட்டும் கழற்றி, தூசு தட்டி, மாரோடு அணைத்துக்கொண்டு படியேறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

"அந்தச் செயலாளர்கிட்ட உங்களுக்கு வாய் வரல, இவகிட்ட மட்டும் கை வந்துடுச்சு" என்றாள், நடந்ததைக் கேட்ட மனைவி.

மறுநாள் வேலையிடத்திலிருந்து அலுமினியக் குழாய் ஒன்று கொண்டுவந்தார். மகள் வாங்கிப் பார்த்து, "வழுக்குது" என்றாள். அடுத்த நாள் மூங்கில். "வளையுது." பிறகு இழைத்த மரக்கழி. "கனம்." ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொல். வாய்க்கு வந்தபடி திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இருபது மாடிக்கு ஆளை ஏற்றி இறக்குகிறவனுக்கு ஒரு கம்பு அமையவில்லையே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை பாத்திரக் கடையில், துடைப்பக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தன் காலிடுக்கில் வைத்து இரண்டடி ஓடிப் பார்த்தார். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காது சுட்டது. ஆனாலும் அடுத்த கட்டையை எடுத்தார்.

அன்று மாலை அவர் கொண்டுவந்த கட்டையை மகள் வாங்கிக் கையில் உருட்டினாள். தலையைப் பொருத்தி ஆணி அடித்தாள். கீழே போய், மூங்கிலை டப்பாக்கள்மேல் கிடத்தினாள். இடுப்புக்கும் மேலே ஒரு சாண்.

"அந்தப் பக்கம் ஆடுது. புடிப்பா."

அவர் மண்டியிட்டு மூங்கிலின் முனையைப் பிடித்தார். சரிவில் ஏதோ ஒரு கார் இறங்கி வந்து ஹாரன் அடித்தது. அவர் திரும்பிப் பார்க்காமலே, நில் என்று ஒரு கையை உயர்த்தினார். விளக்கு வெளிச்சத்தில் குதிரையின் பொத்தான் கண்கள் பளபளக்க, டக் டக்கென்று அவள் ஓடி வந்துகொண்டிருந்தாள்.