இரண்டாவது சாவி

விடியும் முன்பே கடலோரத்தில் வேலை தொடங்கிவிட்டது. கிரீஸ் வாளிகளைக் கயிற்றில் கட்டிக் காற்றாலையின் உச்சிக்கு இழுத்தார்கள். நைலான் கயிறு உள்ளங்கையை எரித்தது. வெடிப்புகளில் உப்புக்காற்று புகுந்து கடித்தது. கயிற்றின் கடைசி ஆளாகத் தயாளன் நின்றான். அது அவன் வேலையன்று. அவன் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன். கோபுரம் ஏறும் இத்ரீஸ் அடிபட்டதிலிருந்து அந்த நாற்காலியில் அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

பினாங்கில் வீசுவது மெலிந்த காற்று. அதற்கும் இறக்கைகளின் கோணத்தைத் திருப்பி மின்சாரம் எடுக்கும் இயந்திரங்கள் அவை. காற்று மிஞ்சினால் தாமே அடங்கிவிடும். எல்லாம் அவற்றுக்குத் தெரியும். உள்ளே ஓர் ஆள் இருப்பது மட்டும் தெரியாது. அதனால்தான் மேலே ஏறுகிறவன் இயந்திரத்தைப் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏறுவான். அவன் இறங்கித் திறக்கும்வரை இறக்கை அசையக் கூடாது.

மேலாளர் ஹரீஷ் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு சாவி செய்து வைத்திருந்தார். நெடுநாள் அடங்கிக் கிடந்த காற்று, இத்ரீஸ் அடிபட்ட அன்று காலை, சுமத்ரா பக்கமிருந்து எழுந்தது. "இத்ரீஸ் எறங்கிட்டான் லா, போடு" என்று சாவியை நீட்டினார். தயாளன் எட்டிப் பார்க்கவில்லை. பூட்டைத் திறந்து இயந்திரத்தைப் போட்டான். அலறல் கேட்டு நிறுத்தியபோது இத்ரீஸின் வலக்கை பிரேக் வட்டில் நசுங்கியிருந்தது.

ஆயர் ஈத்தாம் பகுதியில் தயாளனும் இத்ரீஸும் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். நேற்று மாலை இத்ரீஸின் மனைவி ரோஹானா கஞ்சியோடு தயாளன் வாசலில் வந்து நின்றாள்.

"நீங்க ஒடனே மெஷின நிறுத்தலைன்னா இவரு உசுரே போயிருக்கும்ணே. தெனமும் உங்களுக்குத்தான் துஆ கேக்குறாரு."

அவன் பாத்திரத்தை வாங்கிக்கொண்டான். கஞ்சி ஆறி ஆடை படிந்து மேசைமேலேயே கிடந்தது.

ஹரீஷின் கார் வந்து நின்றது.

"இன்னிக்கு விசாரணைக்கு ஆபீசருங்க வராங்க. இத்ரீஸ் பூட்டாமலே ஏறிட்டான், அவன் தப்பு. எல்லாரும் இதையே சொல்லுங்க."

கோபுரம் ஏறும் ரூபினி வாளியை இறக்கிவிட்டுத் திரும்பினாள். "இத்தன வருஷமா ஏறுறவருக்குப் பூட்டத் தெரியாதா பாஸ்?"

"ஒனக்கென்ன தெரியும்? நீ கீழ நின்ன."

"நாளைக்கு நான் மேல நிப்பேனே."

"பயமா இருந்தா புக்கிட் தெங்கா பேக்டரில போய் டப்பா அடுக்கு லா!" அவர் தயாளன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. வேற சாவி ஏதாச்சும் இருக்கா?"

அலை ஒன்று கல்லில் மோதித் திரும்பியது. இன்னொன்று வந்தது. இத்தனை நாளும் அவன் இந்த மௌனத்துக்குள்தான் குடியிருந்தான். இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டால், அது இத்ரீஸின் தலையில் பழியாக விடியும்.

"இருக்கு. நாந்தான் போட்டேன்."

"பைத்தியமா ஒனக்கு? மாட்டிக்கப்போறது நீதான்டா!"

"தெரியும். நீங்க சொன்னீங்க. நான் பாக்காம போட்டேன். ரெண்டையும் சொல்லுவேன்."

யார் முகத்தையும் பார்க்க அவனால் முடியவில்லை. மூத்த தொழிலாளி அய்யாக்கண்ணு காறித் துப்பினார். "இத்தன நாளா எங்ககூடக் கயிறு இழுத்தியே, வாயில என்னடா வச்சிருந்த?"



ரூபினிதான் பேசினாள். "மன்னிப்பெல்லாம் இத்ரீஸ் அண்ணன் வீட்டுல போய்க் கேளுங்கண்ணே. அது எங்க கையில இல்ல. ஆனா விசாரணையில நீங்க தனியா நிக்க வேணாம், நாங்களும் கூட நிப்போம்." பிறகு ஹரீஷிடம் சொன்னாள்: "அந்தச் சாவிய எங்க கண்ணு முன்னால ஒடைக்கணும். இத்ரீஸ் அண்ணன் மேல போட்ட பழிய எடுக்கணும். அதுவரைக்கும் யாரும் ஏற மாட்டோம்."

"காத்து வருது! பாருங்கடா, காத்து வருது!" ஹரீஷ் கத்தினார்.

வந்தது உண்மைதான். சட்டைகள் படபடத்தன. ஒருவரும் ஏறவில்லை, ஒவ்வொருவராகக் கோபுரத்தடிச் சிமெண்டில் உட்கார்ந்தார்கள். தயாளன் மட்டும் தள்ளி நின்றான்.

அய்யாக்கண்ணு அவனைப் பார்க்காமலே சற்று நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு. அவங்க வர நேரமாகும்."